விரித்து எழுதிய இனிஷியல்

புனேயில் நம் கராடி ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளே,

உங்கள் மேலாளர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். "புதுசா வந்தவங்களுக்கு ரெண்டு மூணு பக்கம் எழுதிக் குடுங்க மேடம். பிரைவசி பத்தி, கொஞ்சம் மோட்டிவேஷனா இருந்தா நல்லது" என்றார். மோட்டிவேஷனுக்கு நான் எங்கே போவேன்? எனக்கு நன்றாகத் தெரிந்தது நான் செய்த ஒரு முட்டாள்தனம். அதையே சொல்கிறேன். தமிழ் பேச வரும், படிக்க வராது என்கிறவர்கள் பக்கத்து சீட்டுக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். புனேயில் பிறந்த என் பிள்ளைகளும் அந்த ரகம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலிலேயே ஒன்று. இந்தக் கதையில் ஒரு பெண் வருவார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் செய்து விற்ற பலகாரம் எது என்றும் சொல்ல மாட்டேன். அவர் இருந்த வட்டாரத்தில் அதைச் செய்தவர் அவர் ஒருவர்தான், பலகாரத்தைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. கொங்குப் பக்கத்துக்காரர் என்பது வரை சொல்லலாம். கொங்கு நாடு பெரியது, தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும்.

நான் கடைசியாக வேலை பார்த்த கம்பெனி, இப்போது நீங்கள் சேர்ந்திருப்பதும் அதுதான், வீட்டுச் சமையலை இணையத்தில் விற்றது. வீட்டில் சமைக்கிற பெண்கள் பதிவு செய்துகொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் தளத்தில் ஒரு பக்கம்: பெயர், பேட்டை, சாப்பாட்டின் படம். வீட்டு முகவரி எங்களிடம் இருக்கும், பக்கத்தில் வராது. ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஹிஞ்சேவாடியில் ஹாஸ்டல் சாப்பாட்டை முகம் சுளித்துத் தின்றுகொண்டிருக்கும் உங்களைப் போன்றவர்கள் ஆர்டர் போடுவார்கள். பதிவாகிற விவரங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஆபீசிலேயே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பதிவுப் படிவத்தில்தான் வம்பு. மராத்திக்காரர்களின் பெயர் மூன்று அடுக்கு: தன் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர். படிவமும் அந்த அளவுக்குத் தைத்த சட்டைதான். நம்மவர்களிடம் ஏது குடும்பப் பெயர்? இருப்பது ஓர் இனிஷியல். ஒற்றை எழுத்தைப் போட்டால் படிவம் ஏற்காது, குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பாகக் கத்தும். அதனால் நம் பெண்கள் ஆளுக்கொரு வித்தை செய்திருந்தார்கள். ஒருத்தி தன் பெயரையே இரண்டு தடவை போட்டிருந்தாள். ஒருத்தி புள்ளி புள்ளியாக வைத்திருந்தாள். ஓர் அம்மா "இல்லை" என்றே எழுதிவிட்டார், தளத்தில் அவர் பெயர் "சரோஜா இல்லை" என்று வந்தது. வாடிக்கையாளர்கள் சரோஜா எப்போது வருவார் என்று கேட்டார்கள்.

உங்களுக்குச் சிரிப்பு. எனக்கு எரிச்சல். நான் புனேயின் போபோடிப் பேட்டையில் வளர்ந்தவள். அத்தாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அங்கே சின்னச் சாமான் கடை. பள்ளிக்கூடத்தில் என் பெயரோடு அத்தா பெயரைக் குடும்பப் பெயராக ஒட்டிவிட்டார்கள். டீச்சர் அத்தா பெயரைக் கூப்பிடுவார், நான் எழுந்து நிற்பேன், வகுப்பே சிரிக்கும். அந்தப் பழைய கோபம் உள்ளே இருந்தது. நம் பெண்களின் பெயர் இப்படி அலங்கோலமாகக் கிடக்கிறதே, நானே ஒழுங்கு பண்ணிவிடுகிறேன் என்று ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்தேன்.

எப்படி ஒழுங்கு பண்ணுவது? பதிவின்போது ஒவ்வொருவரும் அடையாள அட்டையின் நகலை ஏற்றியிருப்பார்கள். அதைத் திறந்து பார்த்தேன். இனிஷியல் எந்தப் பெயருக்கு என்று அதிலேயே இருக்கிறதே! அப்பா பெயரோ கணவர் பெயரோ, அதை எடுத்து இரண்டாவது கட்டத்தில் முழுதாக விரித்து எழுதினேன். மத்தியானத்துக்குள் எல்லாத் தமிழ்ப் பெண்களுக்கும் அழகான முழுப் பெயர். என் முதுகை நானே தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

அதில் ஒருவர்தான் இந்தக் கொங்குப் பெண். இரண்டாவது கட்டத்தில் ஒரே எழுத்தை இரண்டு தடவை போட்டிருந்தார். அட்டையில் இருந்த கணவர் பெயருக்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதை நான் கவனிக்கவும் செய்தேன். கை தவறியிருக்கும் என்று நினைத்து, எழுத்தை அழித்துவிட்டுக் கணவர் பெயரைப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. போன் நம்பர் பக்கத்திலேயே இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணி இருக்கும், ஹெல்ப்லைனில் தமிழ் அழைப்பு என்று எனக்கு மாற்றிவிட்டார்கள்.

"அக்கா, என்ற பேருக்குப் பின்னால அந்தாளு பேரை ஆருங்க போட்டது?"

சத்தம் இல்லை, கோபம் இல்லை. மூச்சு மட்டும் வாங்கியது. பார்சல் மேல் ஒட்டுகிற ஸ்டிக்கரை நாங்கள்தான் அச்சடித்து அனுப்புவோம். புதுக் கட்டு அன்று காலைதான் அவர் வீட்டுக்கு வந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால், எல்லா ஸ்டிக்கரிலும் அவர் பெயரும் கணவர் பெயரும்.

"நான் அவருகிட்ட இருந்து புள்ளையத் தூக்கிட்டு ஓடி வந்தவளுங்க. இங்க இருக்கறது அங்க ஒருத்தருக்கும் தெரியாது. கையை ஒடைச்சுப்போட்டாருங்க போன தடவ. உங்க வெப்சைட்லயும் இப்பிடித்தான் வருதுங்களா?"

பிள்ளைகளே, அப்போது நான் சொன்ன பதிலை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். "சிஸ்டத்துல ஏதோ தப்பாயிருக்கும்மா. பார்த்துட்டுக் கூப்பிடுறேன்." இதுதான் என் வாயிலிருந்து வந்தது. முப்பது வருஷம் வேலை பார்த்தவளுக்குப் பயத்தில் அத்தனை சுலபமாக வந்தது அந்தப் பொய்.

எங்கள் தலைவி ஒரு மராத்திப் பெண்மணி. எல்லாரும் "தாயி" என்று கூப்பிடுவோம். மராத்தியில் தாயி என்றால் அக்கா. வயதில் என்னைவிடப் பத்து வருஷம் சின்னவர். அவரிடம் ஓடினேன். அங்கேயும் அதே பாட்டு: சிஸ்டத்தில் கணவர் பெயர் ஏறிவிட்டது. அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து இந்தியில் கேட்டார்:

"யே சிஸ்டம் கௌன் ஹை? கஹான் பைட்தா ஹை?"

இந்த சிஸ்டம் என்கிறவர் யார், எந்த சீட்டில் உட்காருகிறார் என்று. நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார். "நான்தான் தாயி. என் சீட்டில்தான்" என்றேன். அந்த வெள்ளிக்கிழமை செய்த திருப்பணி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் முதலில் அந்தப் பெண்ணின் பக்கத்தைத் தளத்திலிருந்து எடுத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் எங்கள் தளத்தின் பிரைவசி பாலிசியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அடையாள அட்டை ஆளைச் சரிபார்க்க மட்டுமே பயன்படும், வேறு எதற்கும் இல்லை என்று அதில் ஒரு வரி. அந்த வரியைத் தமிழில் எழுதியவளே நான்தான்! எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியதற்காகப் பாராட்டும் வாங்கியிருந்தேன். படிக்கிறவர்களுக்காக எழுதியது என்று நினைத்திருந்தேன், எனக்கும் சேர்த்துத்தான் எழுதினேன் என்று அன்றுதான் உறைத்தது.

"அவன் பார்த்துவிட்டானா?" என்றார் தாயி. அதுதான் கேள்வி. அந்தக் கொங்குப் பெண்ணின் கணவர் ஊரில் சின்ன முதலாளி. தன் பெயரைப் போர்டில் பெரிதாக எழுதிப் பார்க்கிற ஆள் என்று அந்தப் பெண்ணே பிறகு சொன்னார். இந்த மாதிரி ஆள் தன் பெயரை இணையத்தில் தேடிப் பார்க்காமல் இருப்பானா? அவன் பெயரைத் தேடினால் அவர் அப்போது இருந்த போபோடிப் பேட்டையோடு எங்கள் பக்கம் வந்து நிற்கும்படி நான் செய்திருந்தேன்.

தளத்துக்கு யார் யார் வந்து போனார்கள் என்கிற பதிவைத் திறந்தோம். அந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் புனேக்காரர்கள். ஒரே ஒரு போன் மட்டும் தமிழ்நாட்டிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை, திங்கட்கிழமை மூன்று தடவை. புனேக்கு வெளியே நாங்கள் ஒரு வடைகூட விற்றதில்லை.

மேலிடத்திலிருந்து தாயிக்குப் போன் வந்தது. வக்கீல் சாயங்காலம் பார்ப்பார், அதுவரை அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நம் தப்பு என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றார்கள். தாயி முழுதும் கேட்டார். "வக்கீல் வருகிற வரை அவள் அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் வைத்துவிட்டார். என்னைப் பார்த்து, "நீயே கூப்பிடு. உன் வாயால் சொல்" என்றார்.

கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான போனை நான் தூக்கியதில்லை.

"அம்மா, காலைல நான் சொன்னது பொய். சிஸ்டம் இல்ல. உங்க அட்டையப் பார்த்து அந்தப் பேரைப் போட்டது நான். உங்களைக் கேக்காம போட்டேன். இன்னொண்ணும் சொல்லணும். தமிழ்நாட்டுலேர்ந்து ஒருத்தர் உங்க பக்கத்தை நாலு தடவை பார்த்திருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா பார்த்திருக்காங்க."

போனில் அவருக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை எதையோ படித்துக்கொண்டிருந்தது, மராத்திப் பாடம். திட்டும்மா, ஏதாவது சொல்லித் திட்டேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"எப்பங்க கடைசியாப் பாத்தது?"

"நேத்து மத்தியானம்."

"அப்ப ரயிலேறிட்டா நாளைக்கு வந்துருவாருங்க." கணக்கைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரல். "சொன்னீங்களே அக்கா, அது போதும். காலைல நீங்க சொன்னத நம்பிப்போட்டு மாவு அரைக்க உக்காந்திருந்தேன். இப்ப கெளம்பறேன். நான் எங்க போறன்னா..."

"வேண்டாம்மா!" என்று கத்தியே விட்டேன். "எங்கிட்ட சொல்லாதீங்க. எனக்குத் தெரியாதது எங்கிட்டேருந்து போகாது."

அதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த நிமிஷம் பயத்தில் வந்தது. காலையில் அதே பயத்தில் வந்தது பொய். இது எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, அல்லாவுக்கு நன்றி.

அவர் போனை வைத்த பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பித்தது. நான் விரித்து எழுதிய அந்த ஒரு பெயர் எங்கெங்கே போயிருக்கிறது என்று தேடினோம். ஸ்டிக்கர் அச்சடிக்கிறவரிடம் இருந்தது. டெலிவரி கம்பெனியிடம் இருந்தது. எங்களோடு ஒப்பந்தம் போட்ட விளம்பரக் கம்பெனியின் பட்டியலில் இருந்தது, அவர்களுக்கு எதற்கு என்று எனக்கு அன்றுவரை தெரியாது. தேடல் தளம் எடுத்து வைத்திருந்த நகலில் இருந்தது. எங்கள் பேக்கப்பிலும் இருந்தது. நான் தட்டியது ஒரு தடவைதான். தாயி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அழித்ததாக எழுத்தில் வாங்கினார். வாய் வார்த்தையை ஒருவரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் மற்ற பெண்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, உங்கள் பெயரை உங்களைக் கேட்காமல் மாற்றினேன், எப்படி வேண்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். சரோஜாம்மா மட்டும், "இல்லை நல்லாத்தானே இருந்துச்சு, அதையே போடு" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹெல்ப்லைனில் இன்னொரு தமிழ் அழைப்பு. ஆண் குரல். இனிமையான குரல், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"வணக்கமுங்க. என்ற சம்சாரம் உங்க வெப்சைட்ல பலகாரம் போட்டுட்டிருந்துச்சுங்க. போபோடி வந்தேன். பலகாரம் பேரைச் சொன்னதும் வீட்டைக் காட்டிட்டாங்க, ஆனா பூட்டிக் கெடக்குது. புது அட்ரஸ் உங்ககிட்ட இருக்குமுங்களே?"

வீட்டு வாசல் வரை வந்துவிட்டான்!

"யாரைப் பத்தின விவரமும் யாருக்கும் குடுக்க மாட்டோம் சார்" என்றேன்.

"நாங்க புருசன் பொண்டாட்டிங்க. என்ற பேருதானுங்களே நீங்களே போட்டிருந்தீங்க?"

அது சுருக்கென்று குத்தியது. குத்தட்டும். "சார், எங்ககிட்ட புது அட்ரஸ் எதுவும் இல்ல" என்றேன். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை, ஏனென்றால் அது சத்தியம். தெரிந்து மறைத்திருந்தால் என் குரல் காட்டிக் கொடுத்திருக்கும். நான் பொய் சொன்னால் என் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரிந்துவிடும். அவர் இன்னும் நாலு விதமாகக் கேட்டார், கடைசியில் இனிமையை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். எனக்குத் தெரியாது, தெரியாது, தெரியாது. போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

தாயி என்னை அன்றே வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவர் எனக்குக் கொடுத்த தண்டனை, படிவத்தை நானே மாற்றி எழுத வேண்டும் என்பது. எழுதினேன். மூன்று கட்டத்தை ஒன்றாக்கினேன். "உங்களை எந்தப் பெயரில் அழைக்கலாம்?" என்று ஒரே கேள்வி. ஓர் எழுத்துப் போட்டாலும் ஏற்கும், சிவப்பாகக் கத்தாது. அடையாள அட்டையின் நகல் சரிபார்த்த அன்றே அழிந்துவிடும். நீங்கள் இன்று அந்தப் படிவத்தைப் பார்த்து, என்ன இது இவ்வளவு காலியாக இருக்கிறதே என்று நினைத்தால், அந்தக் காலி இடத்துக்கு நான் கொடுத்த விலை இது. இப்போது இதற்கெல்லாம் சட்டமும் வந்துவிட்டது. நல்லது. ஆனால் அன்றைக்கு என்னைக் கேள்வி கேட்டது சட்டம் இல்லை, ஸ்டிக்கர் கட்டைப் பிரித்துப் பார்த்துப் போன் பண்ணிய ஒரு பெண். அவர் பேசாமல் ஓடியிருக்கலாம். ஸ்டிக்கரோடு போலீசுக்குப் போயிருக்கலாம். எங்களையே கூப்பிட்டுக் கேட்டார் பாருங்கள், அந்த நல்ல மனசுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவள். உங்களுக்கு வருகிற புகார் அழைப்புகளை எரிச்சலோடு எடுக்காதீர்கள். நம்மை இன்னும் நம்புகிறவர்கள்தான் கூப்பிடுகிறார்கள்.

ஒன்றரை வருஷம் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள் காலை பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுப் பேட்டை, புதுப் போன் நம்பர், அதே பலகாரம். பெயர்க் கட்டத்தில் அவர் பெயர், பக்கத்தில் ஒற்றை இனிஷியல். முன்பு இரண்டு தடவை போட்டிருந்தாரே, நான் கை தவறியது என்று நினைத்து அழித்தேனே, அதே எழுத்து. படிவம் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. அந்த எழுத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அது யார் பெயருக்கான எழுத்து என்று கேட்க நாக்கு துடித்தது, ஓய்வு பெறும் வரை கேட்கவில்லை. சரிபார்த்தேன், "சரி" என்று அழுத்தினேன், அட்டையின் நகல் அழிந்தது.

இதை எழுத உட்காருவதற்கு முன் அவருக்குப் போன் செய்தேன். அடிக்கடி பேசுவோம் இப்போது.

"உன் கதைய ஆபீஸ்ல புதுசா வந்த பிள்ளைங்களுக்கு எழுதட்டுமாம்மா?"

"அதுக்கு எதுக்குங்க்கா கேக்கறீங்க? எழுதுங்க."

"இல்ல, கேக்கணும்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "இப்பத்தான் கேக்கோணும்னு தெரிஞ்சுதுங்களா?" என்றார். நன்றாக வேண்டும் எனக்கு. அப்புறம் அவரே, "அக்கா, அந்த இனிஷியல் ஆருதுன்னு இத்தன வருசத்துல ஒரு நாளும் கேக்கலீங்களே?" என்றார்.

"கேக்க மாட்டேன்."

"என்ற புள்ளையோடதுங்க. அப்பன் பேரு, புருசன் பேரெல்லாம் போட்டுப் பாத்தாச்சு. ஓடி வர்றப்ப கூட வந்தது அவதானுங்களே, அவ எழுத்தைப் போட்டுக்கிட்டேன்."

மகளின் எழுத்தை அழித்துவிட்டா அந்தப் பெயரைப் போட்டேன்? "இதையும் எழுதலாமா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "எழுதுங்க்கா," என்றார். "எழுத்தை மட்டும் போட வேண்டாம்."

போடவில்லை.